எழுப்புவதாக யாரும் எழுதித் தர மாட்டார்கள்

எனக்கு வந்த கடிதம் நீளமானது, சுருக்கித் தருகிறேன். எழுதியவருக்கு 49 வயது. கலிஃபோர்னியாவில் மென்பொருள் வேலை. மனைவியும் வேலைக்குப் போகிறார். மகளுக்கு 17 வயது. அப்பாவை அவருடைய 61-வது வயதில் மாரடைப்பில் இழந்தவர். அந்த வயது நெருங்க நெருங்க, இறந்தவரின் உடலைத் திரவ நைட்ரஜனில் வைத்துக் காக்கும் கிரையோனிக்ஸ் பற்றிப் படிக்க ஆரம்பித்திருக்கிறார். இப்போது ஒரு நிறுவனத்தின் ஒப்பந்தப் படிவங்கள் அவர் மேசையில் இருக்கின்றன. இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

அவருடைய திட்டம் இது. 38 வயதில் எடுத்த 20 வருட டெர்ம் பாலிசி ஒன்று இருக்கிறது, 5 லட்சம் டாலருக்கு. அதில் மனைவியின் பெயரை எடுத்துவிட்டு அந்த நிறுவனத்தைப் பயனாளியாக எழுதுவது. 401(கே) எனப்படும் ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கில் உள்ள சுமார் 4 லட்சம் டாலரைத் தனக்கென்றே ஒரு டிரஸ்டில் போட்டு, 100 வருடம் கழித்துத் தன்னை எழுப்பும் செலவுக்கும் எழுந்தபின் வாழ்வதற்கும் வைப்பது. மூன்று கேள்விகள் கேட்கிறார்: "மருத்துவம் வளர்ந்ததும் என்னை எழுப்பியே தீர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்க முடியுமா? எழுப்பாவிட்டால் யார் வழக்குப் போடுவது? டிரஸ்ட் பணம் என் கைக்கு வந்து சேருமா?" கடைசியில் இப்படி முடிக்கிறார்: "மனைவிக்கு இதில் விருப்பமில்லை. ஒருநாள் பேச்செடுத்தபோது, 'நீங்க எழுந்திரிக்கும்போது நான் எங்க இருப்பேன்?' என்று மட்டும் கேட்டாள். அதற்கப்புறம் அவளிடம் நான் இதைப் பேசவில்லை. அவளுக்குத் தெரியாமலே முடித்துவிடலாமா?"

அன்புள்ள நண்பருக்கு,

உயிலும் டிரஸ்டும் எழுதிக் கொடுப்பது என் தொழில். உங்கள் விருப்பத்தைக் குறை சொல்ல வரவில்லை. அப்பாவை அந்த வயதில் பறிகொடுத்தவருக்கு இந்த எண்ணம் ஏன் வந்தது என்று எனக்குப் புரிகிறது. இந்த முறை பலிக்குமா என்பது அறிவியலாளர்கள் சொல்ல வேண்டியது. இன்றுவரை அப்படி வைக்கப்பட்ட ஒருவர்கூட எழுப்பப்படவில்லை என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு, ஒப்பந்தத்துக்கும் பணத்துக்கும் வருகிறேன். உங்கள் திட்டத்தில் சில இடங்கள் சரியாக இல்லை. கையெழுத்துப் போடுவதற்கு முன்பே எழுதினீர்களே, அது நல்லது.

ஒப்பந்தம் எதற்குப் பொறுப்பேற்கிறது

படிவத்தை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். உங்கள் உடலை எப்படிப் பெறுவார்கள், எப்படிக் குளிர்விப்பார்கள், எங்கே வைப்பார்கள் என்று பக்கம் பக்கமாக இருக்கும். எழுப்புவது பற்றிய இடத்துக்கு வந்தால் வாக்கியங்களின் தொனியே மாறிவிடும். 'முயற்சி செய்வோம்', 'எங்கள் நல்லெண்ணத் தீர்மானப்படி', 'உத்தரவாதம் ஏதும் இல்லை'. அவர்கள் ஏமாற்றுகிறார்கள் என்று இதற்கு அர்த்தம் இல்லை. என்ன முறையில் எழுப்புவது, எப்போது, எவ்வளவு செலவில் என்று எதுவுமே தெரியாத வேலையைச் செய்து தருவதாக நேர்மையான எந்த நிறுவனமும் கையெழுத்துப் போடாது. அப்படி ஒரு வரியை நீங்கள் அடம்பிடித்துச் சேர்த்தாலும், அதை நிறைவேற்று என்று உத்தரவிட ஒரு நீதிபதிக்கு வழி இருக்காது. 'எழுப்பித் தருகிறோம்' என்று யாராவது எழுதிக் கொடுத்தால் அந்த நிறுவனத்தை விட்டு விலகிவிடுங்கள்.

இன்னொன்று, இது பலருக்கும் அதிர்ச்சியாக இருக்கும். மருத்துவர் உங்கள் இறப்பை அறிவித்த பிறகுதான் அவர்கள் வேலையே தொடங்குகிறது. அந்த நிமிடத்திலிருந்து சட்டத்தின் பார்வையில் நீங்கள் ஒரு நபர் இல்லை. சொத்து வைத்திருக்க முடியாது, வழக்குத் தொடுக்க முடியாது. உங்கள் உடல் அந்த நிறுவனத்துக்குப் போவதே, உடல் தானம் பற்றிய சட்டப்படி ஆய்வுக்காகக் கொடுக்கப்பட்ட தானமாகத்தான். ஆக, "எழுப்பாவிட்டால் யார் வழக்குப் போடுவது" என்ற கேள்விக்கு நேரான பதில்: நீங்கள் இல்லை. உங்கள் உயிலை நிறைவேற்றுபவர் கொஞ்ச காலம் இருப்பார். சொத்துப் பங்கீடு முடிந்ததும் அவர் பொறுப்பும் முடிந்துவிடும். அதற்கப்புறம் உங்களுக்காகக் கேட்க ஒரு ஆள் வேண்டுமென்றால் இப்போதே எழுதி வைக்க வேண்டும்: வருடத்துக்கு ஒருமுறை கணக்குக் கேட்கவும் போய்ப் பார்க்கவும் உரிமையுள்ள ஒருவர், அவருக்குப் பின் இன்னொருவர்.

வழக்குப் போட்டு ஜெயித்தால்கூட என்ன கிடைக்கும் என்பதற்கு ஒரு பழைய நிகழ்வு இருக்கிறது. கலிஃபோர்னியாவின் சாட்ஸ்வொர்த்தில் ஒரு கல்லறைத் தோட்டத்தில் நிலவறை அமைத்து உடல்களை வைத்திருந்தார்கள். உறவினர்கள் அவ்வப்போது அனுப்பும் பணத்தில்தான் நைட்ரஜன் வாங்கி ஊற்றினார்கள். ஒவ்வொரு குடும்பமாகப் பணம் அனுப்புவது நின்றது. 1979-ல் விஷயம் வெளியே வந்தபோது, அங்கிருந்த 9 உடல்களும் உருகிக் கெட்டுப்போயிருந்தன. குடும்பங்கள் வழக்குப் போட்டு நஷ்டஈட்டுத் தீர்ப்பும் வாங்கினார்கள். அந்த ஒன்பது பேருக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை.

பணம் எங்கே போய் உட்கார்கிறது

அந்தப் பாடத்துக்குப் பிறகு முறையாக நடக்கும் நிறுவனங்கள் மாதாமாதம் வாங்கும் வழக்கத்தை விட்டன. முழுத் தொகையும் இறப்பின்போதே வந்துவிட வேண்டும், அதில் ஒரு பங்கைத் தொடாமல் முதலீடு செய்து, அதன் வருமானத்தில் பராமரிக்க வேண்டும் என்பது இப்போதைய முறை. திரவ நைட்ரஜனின் வெப்பநிலை மைனஸ் 196 டிகிரி. மின்சாரம் தேவையில்லை. ஆனால் அது ஆவியாகிக்கொண்டே இருக்கும், கலன் குறையக் குறைய யாராவது நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். இதற்கு முடிவுத் தேதி கிடையாது.

அரிசோனாவில் உள்ள ஆல்கோர் என்ற நிறுவனம் முழு உடலுக்குப் பல வருடங்களாக 2 லட்சம் டாலர் வாங்கியது. அதில் 1,15,000 டாலர், 1997-ல் தனியாக அமைக்கப்பட்ட பராமரிப்பு டிரஸ்டுக்குப் போனது. விலைவாசி போக ஆண்டுக்கு 2 சதவீதம் எடுத்தால், ஒருவருக்கு வருடம் 2,300 டாலர். நைட்ரஜன், இடம், ஆள் எல்லாம் அதற்குள். இப்போது கட்டணம் 2 லட்சத்தைத் தாண்டிவிட்டது. மிச்சிகனில் உள்ள கிரையோனிக்ஸ் இன்ஸ்டிட்யூட்டின் அடிப்படைக் கட்டணம் 28,000 டாலர்தான். ஆனால் உயிர் பிரியும் நேரத்தில் ஒரு குழு பக்கத்தில் காத்திருப்பதும், உடலைக் கொண்டுபோகும் செலவும் அதில் சேராது. இரண்டு எண்களை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மலிவு, விலை அதிகம் என்று முடிவெடுக்காதீர்கள்.

நான் பார்க்கச் சொல்வது கட்டணத்தைவிட இதைத்தான்: பராமரிப்புப் பணம் நிறுவனத்தின் அன்றாடக் கணக்கிலிருந்து சட்டப்படி பிரிந்து நிற்கிறதா? நிறுவனம் கடனில் விழுந்தால் கடன்காரர்கள் அதைத் தொட முடியுமா? அந்தப் பணத்தின் டிரஸ்டிகள் யார், அவர்களில் யாராவது தங்கள் உறவினர் உடலை அங்கே வைத்திருக்கிறார்களா? அப்புறம் படிவத்தில் தேடிப் படிக்க வேண்டிய வரிகள் சில:

- கட்டணம் உயர்ந்தால் பழைய உறுப்பினர் பாக்கியைக் கட்ட வேண்டுமா. 49 வயதுக்காரர் இன்றைய தொகைக்குச் சரியாகப் பாலிசி எடுத்தால், 85 வயதில் அது போதாது.
- பணம் போதாதபோது முழு உடலைத் தலை மட்டுமாக மாற்ற அவர்களுக்கு அதிகாரம் இருக்கிறதா. அப்படி மாற்றப்பட்டவர்கள் உண்டு. கூடாது என்றால் இப்போதே எழுதுங்கள்.
- நிறுவனம் மூடப்பட்டால் உங்களையும் உங்கள் பங்குப் பணத்தையும் சேர்த்து வேறு நிறுவனத்துக்கு மாற்றுவார்களா.
- தேவைக்கு மேல் வரும் தொகை யாருக்குப் போகும். உங்கள் பாலிசி 5 லட்சம், அவர்கள் கேட்பது அதில் பாதிக்கும் குறைவு. ஒன்றும் எழுதாமல் விட்டால் மிச்சமும் அங்கேயே தங்கிவிடலாம். அது உங்கள் மகளின் படிப்புப் பணம்.

உங்கள் டெர்ம் பாலிசி 58 வயதில் முடிகிறது

கடிதத்தில் என்னை மிகவும் கவலைப்பட வைத்தது இதுதான். 38 வயதில் எடுத்த 20 வருடப் பாலிசி, நீங்கள் 58 தாண்டி உயிரோடு இருந்தால் செத்துவிடும். கட்டிய பிரீமியமும் திரும்ப வராது. உங்கள் அப்பா போன வயதைத் தொடுவதற்கு மூன்று வருடம் முன்பே உங்கள் காப்பீடு போய்விடுகிறது. அப்போது புதிதாக எடுக்கப் போனால் பிரீமியம் பல மடங்கு. இதயத்தில் ஏதாவது கண்டுபிடித்துவிட்டால் கொடுக்கவே மாட்டார்கள்.

என்னிடம் வந்த ஒரு குடும்பம் நினைவுக்கு வருகிறது. அப்பா இருபது வருடத்துக்கும் மேலாக இப்படி ஒரு நிறுவனத்தில் உறுப்பினர், சந்தா தவறியதே இல்லை. அவர் இறந்த மறுநாள் காலை மகன் பாலிசித் தாளைக் கொண்டுவந்து என் மேசையில் விரித்தார். பயனாளி என்ற கட்டத்தில், பன்னிரண்டு வருடம் முன்பே காலமான அவருடைய அம்மாவின் பெயர் டைப் அடித்திருந்தது. கீழே காலாவதித் தேதி, அதுவும் போன வருடத்துத் தேதி. அந்தப் பையன் விரலை அந்தத் தேதியின்மேல் வைத்தவர் ரொம்ப நேரம் எடுக்கவே இல்லை. உங்கள் கடிதத்தைப் படித்தபோது அந்த விரல்தான் கண்முன் வந்தது.

பல டெர்ம் பாலிசிகளில், மறுபடியும் மருத்துவப் பரிசோதனை இல்லாமல் ஆயுள் முழுக்க நீடிக்கும் பாலிசியாக மாற்றிக்கொள்ளும் உரிமை இருக்கும். அதற்கு ஒரு கடைசித் தேதியும் இருக்கும். 5 லட்சத்தையும் மாற்ற வேண்டாம், தேவையான அளவை மட்டும் மாற்ற விடுவார்களா என்று கேளுங்கள். அதை நிறுவனத்துக்கு ஒதுக்கிவிட்டு, மீதி டெர்ம் பாலிசியை மனைவி பெயரிலேயே விட்டுவிடலாம். புதிதாக எடுக்க நேர்ந்தால், முதல் இரண்டு வருடங்களுக்குள் இறப்பு நேர்ந்தால் விண்ணப்பத்தில் சொன்ன ஒவ்வொன்றையும் காப்பீட்டு நிறுவனம் துருவிப் பார்க்கலாம். அதனால் அப்பாவின் மாரடைப்பு உட்பட எதையும் மறைக்காமல் எழுதுங்கள்.

100 வருட டிரஸ்ட்

4 லட்சம் டாலர், 5 சதவீதம், 100 வருடம், ஆக 5 கோடிக்கு மேல் என்று கணக்குப் போட்டிருக்கிறீர்கள். பெருக்கல் சரி. ஆனால் விலைவாசி வருடம் 3 சதவீதம் ஏறினால், அந்த 5 கோடிக்கு இன்றைய மதிப்பு சுமார் 27 லட்சம். டிரஸ்டை நடத்துபவருக்கு வருடம் 1 சதவீதம் போனால் அது 10 லட்சம் சொச்சமாகக் குறையும். வரி இன்னொரு 1 சதவீதத்தை எடுத்தால், நூறு வருடம் காத்தபின் மிஞ்சுவது இன்றைய மதிப்பில் அதே 4 லட்சம். வரி அதற்கு மேலும் எடுக்கக் கூடும். வருமானத்தைப் பங்கிடாமல் உள்ளேயே சேர்க்கும் டிரஸ்டுக்கு, 2025-ல் 15,650 டாலர் தாண்டியதுமே மத்திய வரியின் உச்ச விகிதமான 37 சதவீதம் வந்துவிட்டது.

அதற்கு முன்பே ஒரு வெட்டு இருக்கிறது. 401(கே) பணத்துக்கு நீங்கள் இன்னும் வருமான வரி கட்டவில்லை. 2019-ல் வந்த சட்டப்படி, மனைவி அல்லாத பயனாளிகள் பொதுவாக 10 வருடத்துக்குள் முழுவதையும் எடுத்து, வரியும் கட்டியாக வேண்டும். ஆகவே உங்கள் டிரஸ்ட் 4 லட்சத்தில் தொடங்காது.

சரி, டிரஸ்டை உங்களுக்கென்றே அமைக்க முடியுமா? இறந்தவர் பயனாளியாக இருக்க முடியாது. இதற்கென எழுதப்படும் டிரஸ்டுகளில் இடைக்காலப் பயனாளியாக மகளையோ ஒரு தர்ம அமைப்பையோ வைத்துவிட்டு, 'இன்னார் மீட்கப்பட்டால் அவருக்கு' என்று ஒரு விதி சேர்ப்பார்கள். எத்தனை காலம் நீடிக்கலாம் என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறு. கலிஃபோர்னியாவில் 90 வருட வரம்பு வந்து நிற்கும். தெற்கு டகோட்டா 1983-லேயே அந்த வரம்பை நீக்கிவிட்டது, அதனால் நீண்டகால டிரஸ்டுகள் பலவும் அங்கே போகின்றன. ஆனால் மீண்டு வந்தவர் ஒருவர் போய்க் கேட்டு, நீதிமன்றம் 'ஆமாம், இவர்தான் அவர்' என்று கொடுத்த முன்னுதாரணம் ஒன்றும் இல்லை. இருக்கவும் முடியாது.

எதிர்த்திசையில் ஒன்று இருக்கிறது. ஓஹையோவில் காணாமல்போன ஒருவரை 1994-ல் இறந்தவராக அறிவித்தார்கள். 2013-ல் அவர் நேரில் வந்து நீதிபதி முன் நின்றார். இறப்பு அறிவிப்பை ரத்து செய்ய மூன்று வருடத்துக்குள் கேட்டிருக்க வேண்டும் என்பது அந்த மாநிலச் சட்டம், அதனால் ரத்து செய்ய முடியாது என்று சொல்லிவிட்டார்கள். மூச்சுவிட்டுக்கொண்டு எதிரே நிற்பவருக்கே இந்த நிலை. நீங்கள் திரும்பி வரும்போது சட்டம் கனிந்திருக்கலாம். அதை நம்பி 4 லட்சம் டாலரை மகளுக்கு எட்டாத இடத்தில் பூட்டி வைப்பதை என்னால் சரியென்று சொல்ல முடியவில்லை.

ஆசை விடவில்லையென்றால் சிறிதாகச் செய்யுங்கள். மனைவிக்கும் மகளுக்கும் ஒதுக்கியது போக மீதியில், நீங்கள் இழக்கச் சம்மதிக்கும் தொகையை மட்டும் வையுங்கள். அதையும் எழுப்பும் செலவுக்கென்று முடக்காமல், பராமரிப்புப் பணம் குறைந்தால் டிரஸ்டி அங்கே கொடுக்கலாம் என்று எழுதுங்கள். நல்லபடியாகக் காக்கப்பட்டிருந்தால்தானே எழுப்புகிற பேச்சே வரும்? பராமரிப்பு ஒன்றைத்தான் பணம் கொடுத்து ஓரளவு உறுதிசெய்ய முடியும்.

மனைவிக்குத் தெரியாமல் முடியுமா

முடியாது. 401(கே) கணக்கில் மனைவியைத் தவிர வேறு யாரைப் பயனாளியாகப் போடுவதென்றாலும் மத்தியச் சட்டப்படி மனைவியின் எழுத்துச் சம்மதம் வேண்டும், அதுவும் நோட்டரி முன்போ திட்ட நிர்வாகியின் பிரதிநிதி முன்போ. கலிஃபோர்னியாவில் திருமணத்துக்குப் பிறகு சம்பாதித்ததில் கட்டிய பாலிசி இருவருக்கும் பொதுச் சொத்து. அவர் அறியாமல் பெயரை மாற்றினால், உங்கள் இறப்புக்குப் பின் தன் பாதியை அவர் திரும்பக் கேட்கலாம். அப்படிக் கேட்டால் நிறுவனத்துக்குப் போகும் பணம் குறையும், வழக்கில் மாதங்கள் ஓடும். இந்தக் காரியத்தில் முதல் சில நிமிடங்களே முக்கியம் என்கிறார்கள்.

உடல் தானம் நீங்கள் கையெழுத்திட்டது என்பதால் குடும்பம் அதை மாற்ற முடியாது என்பது சட்டம். நடைமுறை வேறு. அயோவாவில் 2009-ல் ஒருவர் இறந்தார். ஒப்பந்தம் இருந்தும் அவருடைய உடன்பிறந்தவர்கள் அடக்கம் செய்துவிட்டார்கள். நிறுவனம் நீதிமன்றம் போய், 2010-ல் மேல்முறையீட்டில் ஜெயித்தது, தோண்டி எடுக்கவும் வழி பிறந்தது. அதற்குள் ஒரு வருடத்துக்கு மேல் மண்ணில் கிடந்தாயிற்று. தீர்ப்பு சாதகம்தான், காப்பதற்கு என்ன மிஞ்சியிருக்கும்?

இதற்கு நேர்மாறான ஒருவரையும் சொல்கிறேன். ஜேம்ஸ் பெட்ஃபோர்டு என்ற உளவியல் பேராசிரியர் 1967 ஜனவரி 12 அன்று உறைய வைக்கப்பட்டார். இன்றும் ஆல்கோரில் இருக்கிறார். சாட்ஸ்வொர்த்தில் மற்றவர்கள் உருகிப்போன அதே காலகட்டம் அது. அவரை இடம் மாற்றி இடம் மாற்றிக் காத்து, செலவைச் சுமந்து, உறவினர்கள் தொடுத்த வழக்குகளையும் எதிர்கொண்டது அவர் மனைவியும் மகனும். சில காலம் குடும்பமே தங்கள் பொறுப்பில் வைத்துப் பார்த்துக்கொண்டது. 1967-ல் யாரிடமும் இன்றுபோல் நூறு பக்க ஒப்பந்தம் கிடையாது. அவரைக் காத்தது அந்த இரண்டு பேர்.

நள்ளிரவில் மருத்துவமனையிலிருந்து நிறுவனத்துக்கு முதல் தொலைபேசி அழைப்பைச் செய்யப்போவது உங்கள் மனைவி. பிரேதப் பரிசோதனை வேண்டாம் என்று சொல்ல வேண்டியதும், அழுகைக்கு நடுவே ஐஸ் வைக்க அனுமதி கேட்க வேண்டியதும் அவர்தான். அவருக்கு விருப்பமில்லாவிட்டாலும் விஷயம் தெரிந்திருக்க வேண்டும். 'நான் எங்க இருப்பேன்' என்று அவர் கேட்டதற்கு என்னிடம் சட்டப்படியான பதில் இல்லை. அவர் பணத்தைப் பற்றிக் கேட்கவும் இல்லை. அந்தக் கேள்விக்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லாமல் இருக்கிறீர்கள் என்பது கடிதத்திலேயே தெரிகிறது. உங்களோடு அவரும் உறுப்பினராகச் சேர வேண்டும் என்று சொல்லவில்லை. அவருடைய பங்கும் மகளுடைய பங்கும் தனியாக, பத்திரமாக இருக்கிறது என்று தாளில் காட்டிவிட்டு, அதற்கப்புறம் உங்கள் பயத்தை, அப்பா போன அந்த நாளை, மனம்விட்டுச் சொல்லுங்கள். அவர் வேண்டாம் என்றே சொன்னாலும், எந்தத் தொகைவரை சம்மதம் என்பதாவது தெரிந்துவிடும். திட்டத்தை அதிலிருந்து தொடங்கலாம்.

நிறுவனத்தின் படிவங்களைக் கையெழுத்துக்கு முன் உங்கள் மாநிலத்தில் உயில், டிரஸ்ட் வேலை பார்க்கும் ஒரு வழக்கறிஞரிடம் இருவருமாக எடுத்துப் போங்கள். அதற்கு அவசரமில்லை, ஒரு மாதம் ஆனாலும் பரவாயில்லை. பாலிசியை மாற்றும் கடைசித் தேதி அப்படியல்ல. இன்றிரவே எடுத்துப் பாருங்கள். எடுக்கும்போது அவரையும் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள்.